எல்லையில் நாற்பது எலுமிச்சை மூடிகள்

நான் பில்லி சூனியம் வைப்பவள் இல்லை.

இப்படி ஒரு வாக்கியத்தோடு இந்தப் பத்தியை ஆரம்பிக்க வேண்டி வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீடு எடமலைப்பட்டி புதூரில். ஒரு கணவர், நாலு வயதில் நிலா என்று ஒரு மகள். என் வாழ்க்கையில் நான் செய்கிற அதிகபட்ச அமானுஷ்யக் காரியம், காலை டிராஃபிக்கில் காவிரிப் பாலத்தைத் தாண்டி முதல் பெல்லுக்குள் ஸ்கூலுக்குப் போய்ச் சேருவதுதான்.

ஆனாலும் பத்து நாளாகப் பக்கத்து வீட்டு கோமதி அக்கா என்னைச் சூனியக்காரி என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு காம்பவுண்ட் சுவர். கட்டினவர்களுக்குக் கை ஓய்ந்துபோனதோ என்னவோ, கொல்லைப்புறம் கடைசிப் பத்தடிக்குச் சுவரே கிடையாது. வெறும் மண். அந்தப் பத்தடி இடைவெளிதான் நிலாவின் ராஜபாட்டை. ஒரு நாளைக்கு இருபது தடவை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே.

போன மாதம் பெய்த மழையில் அந்த இடைவெளி முழுக்கப் பார்த்தீனியம் முளைத்துவிட்டது. கேரட் இலை மாதிரி இலை, பொரியைத் தூவின மாதிரி வெள்ளைப் பூ. பார்க்க ஏதோ அழகுச் செடி போல இருக்கும். தொட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நிலாவுக்கு அரித்தது. முழங்கையிலிருந்து கழுத்து வரை சிவப்புத் தடிப்பு.

"அந்தச் செடிப் பக்கம் விடாதீங்கம்மா. அதை முதல்ல எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

எப்படி எடுப்பது?

"கையில ஒரு பாலித்தீன் கவரைச் சுத்திக்கிட்டுப் பிடுங்கிட்டாப் போச்சு. ஞாயித்துக்கிழமை நான் எடுத்துடறேன்" என்றார் என் கணவர். இந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நான் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தவிரவும், பிடுங்கும்போது பூத்தூள் பறந்து நிலா மூச்சில் போய்விட்டால்? வீசிங் வந்துவிட்டால்? எனக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். அம்மா ஆன பிறகு அது இரண்டு மடங்கு.

சரி, மருந்து அடிக்கலாம் என்று உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "அடிங்க மேடம், ஒரு வாரத்துல எல்லாம் கருகிடும்." பாட்டிலில் விஷம் எவ்வளவு கடுமை என்று காட்டும் ஒரு கலர் முக்கோணம். கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கைகள். கையுறை, முகமூடி, காற்றடிக்கும் திசை, குழந்தைகளுக்கு எட்டாத இடம்... நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் படித்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"குழந்தை விளையாடற இடம்ங்க. மண்ணை எடுத்து வாயில போட்டுக்கும்."

"அப்போ கொழந்தையப் பாருங்க மேடம். பத்து நாளைக்கு அந்தப் பக்கம் விடாதீங்க."

நாலு வயதுக் குழந்தையைப் பத்து நாள் ஒரு பக்கம் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு மருந்து இருந்தால் அதையல்லவா முதலில் வாங்குவேன்? பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் செய்யக்கூடாததைச் செய்தேன். போனில் தேடினேன்.

தாடி வைத்த ஒருவர். பின்னணியில் புல்லாங்குழல். "நம்ம கிச்சன்லயே இருக்கு களைக்கொல்லி! கெமிக்கல் இல்லை, விஷம் இல்லை, முழுக்க முழுக்க இயற்கை!" எலுமிச்சைச் சாறு, கல் உப்பு, ரெண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கிற லிக்விட். நல்ல வெயில் அடிக்கப்போகிற நாளில், அதிகாலையில், இலை நனையத் தெளிக்க வேண்டும். "பிழிஞ்ச மூடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே! உப்பைத் தடவி, களையோட வேர்ல கவுத்து வெச்சிடுங்க!"

வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மூளையின் அறிவியல் பகுதி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. உப்பு மண்ணில் இறங்கினால் பக்கத்துச் செடிக்கும் சேர்த்துத்தான் ஆபத்து என்பது எனக்குத் தெரியாதா? உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் போட்டுச் சுருங்க வைத்து வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். ஆனால் 'இயற்கை' என்ற வார்த்தையைக் கேட்டதும் படித்த பெண்களுக்கு ஒரு மயக்கம் வருகிறதே... அது வந்துவிட்டது. அரளி விதையும் இயற்கைதான். எருக்கம்பாலும் இயற்கைதான். யோசித்தேனா? இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணி. நிலா எழுந்துகொள்வதற்குள் முடித்துவிட வேண்டும். தலைக்குக் குளித்த ஈரம் காயவில்லை, கூந்தலை அப்படியே விரித்து விட்டிருந்தேன். இருபது எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று. நாற்பது மூடி. எல்லாவற்றிலும் கல் உப்பைத் தடவினேன்.

அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. நிலாவுக்கு எலுமிச்சையும் உப்பும் என்றால் உயிர். மூடியை எடுத்து நக்கிவிட்டால்? மண், பூச்சி, பாத்திர சோப்பு...

எனவே ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் தூவினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொல்லைப்புறத்தில் குனிந்து, சுவர் இல்லாத அந்தப் பத்தடியில், செடிக்கு ஒன்றாக மூடிகளை வைத்துக்கொண்டே போனேன். எண்ணிக்கை தப்பாமல் இருக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே. இருபத்தாறு... இருபத்தேழு... நடுவில் நிமிர்ந்து சாற்றைத் தெளித்தேன்.

அந்தப் பக்கம் கோமதி அக்கா பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"குட் மார்னிங் அக்கா!" என்றேன்.

அவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருபத்தெட்டாவது மூடியை வைத்தேன்.

நீங்களே பாருங்கள். தலைவிரி கோலம். விடியாத நேரம். இரண்டு வீட்டு எல்லை. அறுத்த எலுமிச்சை, கல் உப்பு, சிவப்புப் பொடி. வாயில் முணுமுணுப்பு. அன்றைக்கு அமாவாசை வேறு. அதை நான் தினசரி காலண்டர் கிழிக்கும்போதுதான் பார்த்தேன், அதுவும் திங்கட்கிழமை.

இன்னும் ஒன்று. அக்காவின் ஒரே மகள் பவித்ரா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டாவது மாதம்.

கோமதி அக்கா எங்களுக்கு உறவு இல்லை. முசிறிப் பக்கம் ஊர், கல்யாணமாகி இங்கே வந்தவர். மூன்று வருஷம் முன்னால் நாங்கள் குடி வந்த அன்றைக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் என் வேலை ஓடுவதே அவரால்தான். நிலாவின் எல்.கே.ஜி. வேன் பன்னிரண்டே முக்காலுக்கு அவளை இறக்கிவிடும். அக்கா வாசலில் நின்று வாங்கிக்கொள்வார். ரசம் சாதம் ஊட்டி, தூங்க வைத்து, நான் நாலே முக்காலுக்கு வரும் வரை பார்த்துக்கொள்வார். "பவித்ராவைக் கட்டிக்குடுத்தப்புறம் வீடே வெறிச்சுன்னு கெடந்துச்சுடி. நீ அனுப்பு" என்று அவராகவே கேட்டுச் செய்த ஏற்பாடு.

திங்கட்கிழமை மத்தியானம் நான் வகுப்பில் இருந்தேன். வேன் டிரைவரிடமிருந்து போன்.

"மேடம், பக்கத்து வீட்டுல கதவு தொறக்கல. ஜன்னல்ல ஆள் தெரியுது, ஆனா வரல. பாப்பாவ என்ன பண்றது?"

"இறக்கி விட்டுடாதீங்க அண்ணா, நான் வரேன்" என்று சொல்லி, பர்மிஷன் போட்டு, வண்டியை எடுத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து புதூர் வருவதற்குள் எத்தனை சிக்னல்! ஒவ்வொன்றிலும் நிலாவுக்கு ஒவ்வொரு விபத்து நடந்தது — என் மண்டைக்குள். வந்து பார்த்தால் மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, எங்கள் வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு அந்த மனுஷர் காத்திருக்கிறார். நிலா பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். டிபன் பாக்ஸ் மடியில்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதிக் கதவு திறந்தது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கோம் டீச்சர். இதுவரைக்கும்."

டீச்சர்! மூன்று வருஷமாக 'சுகன்யா, வாடி, போடி.' இன்றைக்கு டீச்சர்.

"என்ன ஆச்சுக்கா? நான் ஏதாவது..."

"நீங்க படிச்சவங்க. நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவங்க. மாசமா இருக்கற பொண்ணு இருக்கற வீட்டு எல்லையில, அமாவாசை அன்னிக்கு இப்படிச் செய்யலாமா? என் பொண்ணு உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

இரண்டு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்புகளிலேயே மிக மோசமான நேரத்தில் வந்த சிரிப்பு அதுதான்.

"அக்கா, அது களைக்கொல்லி!"

"எந்த ஊர்ல களைக்கு எலுமிச்சம்பழம் அறுத்து வெக்கறாங்க? எங்க வீட்டுலயும் வயக்காடு இருக்குங்க. வாழைக்குக் களை எடுத்தவதான் நான்."

"வீடியோவுல வந்துச்சுக்கா. இதோ பாருங்க." போனை நீட்டினேன். தாடிக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு உறைந்து நின்றார்.

அக்கா ஒரு பார்வை பார்த்தார். "இந்த ஆளைப் பார்த்தாலே தெரியலையா?"

"ஐயோ, இவரு விவசாய வீடியோ போடறவருக்கா..."

"சூனியம் வெக்கறதுக்கும்தான் வீடியோ போடறானுங்க. அப்ப அந்த மொளகாப்பொடி எதுக்கு? அதையும் களைக்கா தூவுனீங்க?"

"அது நிலா நக்கிடக்கூடாதேன்னு..."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. உண்மைக்கு இப்படியும் ஒரு குறை உண்டு — சமயத்தில் பொய்யை விட அசட்டுத்தனமாக இருக்கும்.

உள்ளேயிருந்து பவித்ராவின் குரல். "அம்மா, சுகன்யா அக்காவைப் போட்டுப் படுத்தாதம்மா. அவங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க."

"நீ உள்ள இருடி! வெளிய வராத!" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு இருக்கறது இது ஒண்ணுதாங்க. பாப்பாவைப் பார்த்துக்கறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. நிலா தூக்கத்தில் "அத்தை" என்றாள். அவள் அக்காவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

வேறு ஆள்! யாரை? எங்கே? காலாண்டுப் பரீட்சை நேரம். செவ்வாய்க்கிழமை கணவர் அரை நாள் லீவு. புதன்கிழமை நான் பர்மிஷன். வியாழக்கிழமை ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை நாளைக்கும்மா இப்படி?" என்றார். என்ன பதில் சொல்வது? 'என் மேல் சூனியப் புகார் இருக்கிறது, தீரும் வரை' என்றா?

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. களை செத்துவிட்டால் போதும். "பாருங்கக்கா, கருகிடுச்சு. இதுக்குத்தான் வெச்சேன்" என்று கையைக் காட்டிவிடலாம். தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி.

முதல் நாள் இலை நுனி லேசாகப் பழுத்தது. சந்தோஷம். இரண்டாம் நாள் நாலைந்து இலை கருகியது. பெரிய சந்தோஷம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு தூறல். நாலாம் நாள், ஒவ்வொரு செடியின் நடுவிலிருந்தும் பச்சைப்பசேல் என்று ஒரு புதுக் குருத்து.

உரம் போட்டிருந்தால்கூட இப்படி வந்திருக்காது! இலையைக் கருக்கியதே தவிர, வேரை ஒன்றும் செய்யவில்லை அந்தச் சாறு. என் மானம் ஒரு பார்த்தீனியத்தின் கையில் இருக்கிறது, அது தளதளவென்று தலையாட்டுகிறது. ஆத்திரத்தில் இன்னும் ஒரு பாக்கெட் கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். ஆமாம். அறிவியல் டீச்சர். ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு செடி வாடியது. பார்த்தீனியம் இல்லை.

அக்கா வீட்டு மாதுளங்கன்று.

பவித்ராவுக்கு நாள் தள்ளிப்போன செய்தி வந்த வாரம் அக்கா ஊன்றிய கன்று அது. இடைவெளியிலிருந்து இரண்டடி தள்ளி, அவர்கள் பக்கம் இருந்தது. நான் கரைத்து ஊற்றிய உப்பு சரிவில் இறங்கி நேராக அதன் காலடியில் போய்த் தேங்கியிருக்கிறது. இலையெல்லாம் ஓரம் பழுப்பாகி, சுருண்டு, தொங்கிவிட்டது. அக்கா அதன் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை, தெரியாமல் செய்தாலும்...? அமாவாசையும் அதுவுமாக...? பவித்ராவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...? எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டது. மாதுளைக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?

நான் உரக்கடையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கினேனே, அக்கா என் எலுமிச்சை மூடிகளைப் பார்த்து நடுங்கியதும் அதே நடுக்கம்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ! என் பயத்துக்கு லேபிள் ஒட்டியிருந்தது. அவர் பயத்துக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இது புரிந்ததும், 'படிக்காத மூடநம்பிக்கை' என்று மனசுக்குள் முனகிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க மாதுளையைக் கொன்னது நான்தான்."

அவர் முகம் வெளிறிப்போனது.

"மந்திரம் இல்லக்கா. உப்பு. உப்புத் தண்ணி எந்தச் செடி வேர்ல போனாலும் இப்படித்தான் ஆகும். நீங்க நம்ப வேணாம். நான் செஞ்சு காட்டறேன். எங்க வீட்டுச் செடியில ஊத்தறேன். நீங்க எது சொல்றீங்களோ அதுல. மாசமா இருக்கற பொண்ணோ, அமாவாசையோ, எதுவும் இல்லாம அந்தச் செடி சாகுதா இல்லையான்னு பாருங்க."

அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் விரலை நீட்டினார்.

"அதுல ஊத்துங்க."

பன்னீர் ரோஜா. இரண்டு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி, முட்டை ஓடு போட்டு, டீத்தூள் போட்டு, இந்த ஆடியில்தான் பூக்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் நான் வளர்த்து உருப்பட்ட ஒரே செடி. சரியாகத்தான் பார்த்துச் சொன்னார்.

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டேன். பவித்ரா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்து நிழலில் உட்கார்ந்தாள். அவளுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. வாளி, தண்ணீர், பிரிக்காத உப்பு பாக்கெட்.

"நீங்களே கலக்கி நீங்களே ஊத்துங்கக்கா. அப்ப சந்தேகமே வராது."

"பூத்து நிக்கற செடியில உப்புத் தண்ணியா? என் கையாலயா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். நீங்களே ஊத்துங்க. ஆனா வாயை மூடிக்கிட்டு ஊத்தக்கூடாது. உள்ளுக்குள்ள எதையாவது சொல்லுவீங்க. சத்தமாப் பேசிக்கிட்டே ஊத்துங்க."

என்ன பேசுவது? பதற்றத்தில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "சவ்வூடு பரவல் என்பது, செறிவு குறைந்த கரைசலில் இருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி, நீர் மூலக்கூறுகள் ஒரு அரைகடத்து சவ்வின் வழியாக..."

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" அக்கா இரண்டடி பின்னால் போனார். "அதென்ன மந்திரம்?"

"எட்டாங்கிளாஸ் பாடம்மா அது!" பவித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி, வயித்தைப் பிடிக்கும்! வேற ஏதாவது சொல்லச் சொல்லு."

கடைசியில் நிலாவைப் பக்கத்தில் நிறுத்தி ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னோம். அவள் கணீரென்று எண்ண, நானும் கூடவே எண்ண, பன்னீர் ரோஜாவின் வேரில் உப்புத் தண்ணீர் இறங்கியது. நிலா வழக்கம்போல பதின்மூன்றை விட்டுவிட்டாள். அக்கா அதற்கும் ஒரு முறை புருவத்தைச் சுருக்கினார்.

அடுத்த வாரம் கணவர் நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் வந்து படுத்து, மத்தியானம் அலாரம் வைத்து எழுந்து நிலாவை வேனிலிருந்து வாங்கிக்கொண்டார். சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தினமும் காலை ஆறரைக்கு அக்காவும் நானும் ரோஜாவின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மாற்றமும் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இதுக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சர்?" என் செடியைப் பார்த்து, சாகேன், சீக்கிரம் சாகேன் என்று நான் வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு தோட்டக்காரி!

திங்கட்கிழமை இலை ஓரம் பழுப்பு. அக்கா குனிந்து, ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். தன் மாதுளையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ரோஜாவை.

செவ்வாய்க்கிழமை இலைகள் சுருண்டு தொங்கிவிட்டன. மொட்டு ஒன்று தலை கவிழ்ந்துகொண்டது. மாதுளை எப்படி வாடியதோ அச்சு அசலாக அப்படியே. அக்கா அந்த மொட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"போதும்டி" என்றார் திடீரென்று.

டி!

"என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறே? நல்ல தண்ணியா அடிச்சு விடு. உப்பெல்லாம் கீழ எறங்கட்டும். பூத்த செடியை எம்முன்னாலயே கொல்லுவியா நீ? போ, ஓஸை எடுத்துட்டு வா!"

"அக்கா, அப்ப மாதுளைக்கும்..."

"அதுக்கும்தான். பேசிக்கிட்டே நில்லு. ஓடு!"

அவர்கள் வீட்டு ஓஸ், எங்கள் வீட்டு ஓஸ், இரண்டையும் போட்டு இரண்டு செடிகளின் காலடியிலும் அரை மணி நேரம் தண்ணீர் விட்டோம். ஸ்கூலுக்கு லேட். ஹெச்.எம்.மின் கண்ணாடி மறுபடி கழன்றது. கழலட்டும்.

ரோஜா பிழைக்கவில்லை. மாதுளையின் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்து, "உள்ள பச்சை இருக்கு" என்கிறார் அக்கா. இருக்கலாம். பார்த்தீனியத்தைப் புதன்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு என் கணவர் பிடுங்கி எறிந்தார். மண் ஈரமாக இருந்தது. கையில் பாலித்தீன் கவர், மூக்கில் கைக்குட்டை, வேரோடு, மொத்தமாக... நாற்பது நிமிஷம். பத்து நாள், ஒரு குடும்பத்தின் நிம்மதி, இன்னொரு குடும்பத்தின் நிம்மதி, இரண்டு செடி — எல்லாம் நாற்பது நிமிஷ வேலைக்கு!

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நாளைக்குப் பாப்பாவை நான் எறக்கிக்கறேன். உன் புருஷனைத் தூங்கச் சொல்லு. கண்ணைப் பார்த்தியா அவருக்கு?"

"இப்ப நம்பறீங்களாக்கா?"



"நம்பறேன்டி. நம்பறதால பயம் போயிடுமா? அது போறப்ப போகட்டும். நீ பாப்பாவை அனுப்பு."

அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வகுப்பில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது.

அது போகிறபோது போகட்டும்.